பல்பு முதலில் எரிந்தால்: கம்பைலரும் மெமரி வரிசையும்

"ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது, ஓ2 போட்டால் தொங்கிவிடுகிறது. கம்பைலரில்தான் ஏதோ பக்." ஓசூருக்கும் பெங்களூருக்கும் தினம் பஸ்ஸில் போய்வரும் மென்பொருள் ஆட்கள் நடுவே இந்தப் புலம்பல் அடிக்கடி காதில் விழும். ஓ2 என்பது ப்ரோகிராமை வேகமாக்கச் சொல்லிக் கம்பைலருக்குக் கொடுக்கும் ஆப்ஷன். கூடவே வைத்தியமும் சொல்வார்கள். "கேஷில் பழைய மதிப்பு உட்கார்ந்திருக்கும்" என்பார் ஒருவர். "வோலடைல் போடு, சரியாயிடும்" என்று, மாறியை அறிவிக்கும்போது சேர்க்கும் ஒரு சொல்லைச் சிபாரிசு செய்வார் இன்னொருவர். மூன்றுமே தப்பு. கொஞ்சம் உண்மை கலந்த தப்பு என்பதால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கின்றன.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் படித்து முடித்து, முதல்முறையாகத் திரெட்டைத் தொடும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சி அல்லது ஜாவாவில் ஒரு லூப் எழுதத் தெரிந்திருந்தால் போதும்.

## எடைமேடையில் ஒரு பச்சை பல்பு

மாம்பழ சீசனில் மாங்கூழ் கம்பெனி வாசலைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரா காய் ஏற்றிய வண்டிகள் எடைமேடைக்காக வரிசையில் நிற்கும். அங்கே இப்படி ஓர் ஏற்பாடு என்று வைத்துக்கொள்வோம். அறைக்குள் எடைக்காரர், வெளியே டிரைவர். ஜன்னலோரம் ஒரு கரும்பலகை, அதற்கு மேலே ஒரு பச்சை பல்பு. எடைக்காரருக்கு முதலாளி சொல்லியிருப்பது இரண்டே வேலை: பலகையில் எடையை எழுது, அப்புறம் பல்பைப் போடு. டிரைவர் பல்பையே பார்த்துக்கொண்டிருப்பார். எரிந்ததும் பலகையில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எடைக்காரர் சுறுசுறுப்பானவர். சாக்பீஸ் எடுக்க அலமாரிவரை போக வேண்டும். சுவிட்சோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எப்படியும் இரண்டையும் செய்யத்தானே போகிறோம் என்று முதலில் சுவிட்சைத் தட்டிவிட்டு அப்புறம் சாக்பீஸ் எடுக்கப் போகிறார். சாயங்காலம் முதலாளி வந்து பார்த்தால் எடையும் எழுதியாகிவிட்டது, பல்பும் எரிகிறது. அறைக்குள்ளிருந்து பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. வெளியே இருக்கும் டிரைவர்தான் மாட்டிக்கொள்கிறார். பல்பு எரிந்தபோது பலகையில் இருந்தது முந்தைய வண்டியின் எடை.

கம்பைலர் ஆப்டிமைசேஷனும் மெமரி வரிசையும் மோதிக்கொள்ளும் இடம் இதுதான். இனி நிஜ இயந்திரத்துக்குப் போவோம்.

## அதே கதை, ப்ரோகிராமாக

இப்போதெல்லாம் எடைமேடைகளில் கம்ப்யூட்டர்தான். மேடைக்கு அடியில் இருக்கும் லோட்செல்லிலிருந்து எடை ஒரு டிஜிட்டல் பெட்டிக்கு வருகிறது, அங்கிருந்து கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அதற்கு ஒரு ப்ரோகிராம் எழுதினால், எடையை வாங்குவதை ஒரு திரெட்டுக்கும் சீட்டு அச்சிடுவதை இன்னொரு திரெட்டுக்கும் கொடுப்போம். திரெட் என்றால் ஒரே ப்ரோகிராமுக்குள், ஒரே மெமரியைப் பங்குபோட்டுக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் ஓடும் தனித்தனி வேலைத் தொடர்.

```
திரெட் 1:
    எடை = மொத்தம் - காலிவண்டி
    தயார் = 1

திரெட் 2:
    தயார் 0 ஆக இருக்கும்வரை சுற்று
    எடையை அச்சிடு
```

மொத்தம் 12,640 கிலோ, காலி வண்டி 4,220 கிலோ என்றால் சீட்டில் 8,420 வர வேண்டும். எழுதியபடியே வரிசையாக ஓடினால் வரும். ஆனால் இதே ப்ரோகிராம் பழைய எடையை அச்சிடலாம், அல்லது எதையுமே அச்சிடாமல் கடைசிவரை சுற்றிக்கொண்டே இருக்கலாம். இரண்டுமே நடக்கக்கூடியவை, இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

## கம்பைலர் கொடுத்த வாக்கு

கம்பைலர் என்பது நாம் எழுதிய வரிகளை ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள். அதன் வேலை வார்த்தைக்கு வார்த்தை மாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஓ0, அதாவது ஆப்டிமைசேஷன் இல்லாத நிலையில் ஏறக்குறைய அப்படித்தான் செய்யும். ஓ2 சொன்னால், அதே விடை வரும்படி வேகமான வேறு கட்டளைத் தொகுப்பைத் தேடும். அதற்குப் பெயர் ஆப்டிமைசேஷன்.

"அதே விடை" என்று யார் முடிவு செய்வது? இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த ஒரு திரெட் மட்டும் தனியாக ஓடினால் அதன் வெளிப்படையான விளைவு மாறக்கூடாது. கம்பைலர் கொடுக்கும் வாக்கு அவ்வளவுதான். நடுவில் இன்னொரு திரெட் எட்டிப்பார்த்தால் அதற்கு எந்த வரிசை தெரியும் என்று நாம் தனியாகச் சொல்லாதவரை கம்பைலர் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஆகவே கம்பைலர் தன் வாக்கை மீறவில்லை. கொடுக்காத வாக்கை நாம்தான் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

ஏன் இப்படி மாற்றித் தொலைக்க வேண்டும் என்று கேட்கலாம். மெமரி மெதுவானது, அதனால்தான். இன்றைய ப்ராசஸர் ஒரு நானோ நொடிக்குள் பல கட்டளைகளை முடித்துவிடும். கேஷில் இல்லாத ஒரு மதிப்பை முதன்மை மெமரியிலிருந்து கொண்டுவரவோ சுமார் 100 நானோ நொடி ஆகும். கேஷ் என்பது ப்ராசஸரை ஒட்டியே இருக்கும் சிறிய, வேகமான மெமரி. அதையும்விட வேகமானது ரெஜிஸ்டர், அதாவது ப்ராசஸருக்கு உள்ளேயே இருக்கும் ஒற்றை மதிப்புப் பெட்டி. ரெஜிஸ்டர்கள் சில டஜன்தான் உண்டு. மெமரிக்குப் போகும் நடையைக் குறைப்பதும், போகத்தான் வேண்டும் என்றால் காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை பார்ப்பதும் கம்பைலரின் பிழைப்பு.

## இடம் மாறும் எழுத்து

முதல் திரெட்டை எடுத்துக்கொள்வோம். எடையைக் கணக்கிட மொத்தத்தையும் காலி வண்டி எடையையும் மெமரியிலிருந்து கொண்டுவர வேண்டும். அவை வந்து சேரும்வரை சும்மா நிற்பானேன்? எதையும் எதிர்பார்க்காத ஒரு வேலை பக்கத்திலேயே இருக்கிறது: தயாரில் 1 எழுதுவது. எனவே கட்டளைகள் இப்படி அமையலாம்:

```
மொத்தத்தை ரெஜிஸ்டருக்குக் கொண்டுவா
தயார் = 1
ரெஜிஸ்டரிலிருந்து காலிவண்டியைக் கழி
ரெஜிஸ்டரில் இருப்பதை எடையில் எழுது
```

ஜிசிசி என்ற கம்பைலர் ஓ2 நிலையில் இதுபோன்ற இடமாற்றத்தைச் சர்வ சாதாரணமாகச் செய்யும். எடைக்கும் தயாருக்கும் சம்பந்தம் உண்டு என்பது நம் மனதில் மட்டும் இருக்கிறது. கம்பைலருக்கு அவை இரண்டு தனித்தனி மாறிகள். ஒன்றின் மதிப்பு இன்னொன்றைச் சார்ந்து இல்லை. தயார் என்று பெயர் வைத்ததால் அதற்கு மரியாதை கிடைத்துவிடாது.

## ஒருமுறை பார்த்தது போதும் என்ற லூப்

நான் பார்த்தவரை புதியவர்களை அதிகம் திணறடிப்பது இரண்டாவது திரெட்டின் கதைதான். அந்த லூப்பைக் கம்பைலரின் கண்ணால் பாருங்கள். லூப்புக்குள் தயாரை மாற்றும் வரி எதுவும் இல்லை. இந்தத் திரெட் மாற்றவில்லை என்றால் வேறு யார் மாற்றப்போகிறார்கள்? மாறாத ஒன்றைக் கோடிக்கணக்கான முறை மெமரிக்குப் போய்ப் பார்ப்பது வீண். எனவே பார்வையை லூப்புக்கு வெளியே தூக்கி வைத்துவிடும்:

```
தயாரை ஒரே ஒருமுறை படி
0 என்றால்: முடிவில்லாமல் சுற்று
இல்லை என்றால்: எடையை அச்சிடு
```

முதல் திரெட் எப்போது 1 எழுதினாலும் இரண்டாவது திரெட் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ப்ரோகிராம் தொங்குகிறது, ப்ராசஸரின் ஒரு கோர் (தனியாகக் கட்டளைகளை ஓட்டும் பகுதி) 100 சதவீதத்தில் ஓடுகிறது. இதைப் பார்த்துத்தான் "கேஷில் பழைய மதிப்பு" என்ற பேச்சு கிளம்புகிறது. எக்ஸ்86, ஆர்ம் போன்ற ப்ராசஸர்களில் கோர்களின் கேஷ்கள் தங்களுக்குள் பேசி ஒத்துப்போகும். ஒரு கோர் எழுதியது மற்ற கோர்களின் கேஷுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். நாள் முழுக்கப் பழைய மதிப்பு தங்க முடியாது. இங்கே மெமரியைத் திரும்பப் படிக்கும் கட்டளையே கிடையாது. இல்லாத கட்டளைக்குக் கேஷ் எப்படிப் பொறுப்பாகும்?

ஜாவாவில் இது இன்னும் குழப்பும். அங்கே சூடுபிடித்த லூப்பை ஓடும்போதே கம்பைல் செய்வார்கள். அதனால் ப்ரோகிராம் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடி, அந்தக் கம்பைல் முடிந்த பிறகு தொங்கலாம்.

மூன்றாவதாக ஒன்று, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எத்தனை கிரேட் (மாம்பழப் பெட்டி) இறங்கியது என்று ஒரு லூப்பில் ஒவ்வொன்றாகக் கூட்டி ஒரு மாறியில் வைக்கிறீர்கள், இன்னொரு திரெட் அதைத் திரையில் காட்டுகிறது. கம்பைலர் கூட்டலை முழுக்க ரெஜிஸ்டரிலேயே முடித்து, கடைசியில் ஒரே தடவை மெமரியில் எழுதலாம். திரையில் ரொம்ப நேரம் 0, பிறகு திடீரென்று 600.

## பிரின்ட் போட்டால் பக் ஓடிவிடுவது ஏன்

என்னதான் நடக்கிறது என்று பார்க்க லூப்புக்குள் ஒரு பிரின்ட்எஃப் போடுவோம். உடனே எல்லாம் சரியாகிவிடும்! எடுத்தால் மறுபடியும் தொங்கும். மந்திரம் எதுவும் இல்லை. பிரின்ட்எஃப் வேறு எங்கோ கம்பைல் ஆன ஃபங்ஷன். உள்ளே என்ன நடக்கும் என்று கம்பைலருக்குத் தெரியாது. தயார் ஒரு குளோபல் மாறி என்றால், அந்த ஃபங்ஷன் அதைத் தொட்டிருக்கலாம் என்று கம்பைலர் சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் வந்ததால் ஒவ்வொரு சுற்றிலும் மெமரியிலிருந்து திரும்பப் படிக்கிறது. ஓ0 போட்டால் சரியாவதும் இதே போன்ற தற்செயல்தான். பிரின்ட்டை அப்படியே விட்டுவைத்து "ஃபிக்ஸ்டு" என்று எழுதிப்போட்ட கோடு ஊருக்குள் நிறையவே ஓடிக்கொண்டிருக்கும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: கம்பைலர் ஒரு திரெட்டின் கண்ணால் மட்டும் பார்க்கிறது. அந்தக் கணக்கில் எழுத்துகளை, அதாவது மெமரியில் எழுதும் செயல்களை, இடம் மாற்றலாம், படிப்பதைத் தவிர்க்கலாம், பல எழுத்துகளை ஒன்றாக்கலாம். இவை எல்லாம் விதிக்கு உட்பட்டவை.

## ப்ராசஸருக்கும் ஒரு அவசரம் உண்டு

கம்பைலர் நாம் எழுதிய வரிசையிலேயே கட்டளை கொடுத்துவிட்டது என்றே வையுங்கள். ப்ராசஸர் அதே வரிசையில் மற்ற கோர்களுக்குக் காட்டும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கோரிலும் ஸ்டோர் பஃபர் என்று ஒன்று இருக்கிறது. எழுத வேண்டிய மதிப்புகள் கேஷுக்குப் போகும் முன் காத்திருக்கும் சின்ன வரிசை அது.

இன்டெல், ஏஎம்டியின் எக்ஸ்86 ப்ராசஸர்கள் இதில் கட்டுப்பாடானவை. சாதாரண எழுத்துகளை எழுதிய வரிசையிலேயே வெளியே காட்டும், படிப்பதையும் வரிசை மாறாமல் காட்டும். ஒரு எழுத்துக்குப் பின்னால் வரும் படிப்பு மட்டும், வேறு இடத்தைப் படிப்பதாக இருந்தால், முந்திக்கொள்ளலாம். போனில் இருக்கும் ஆர்ம் ப்ராசஸர் ரொம்பத் தளர்வு. எழுத்து எழுத்தை முந்தலாம், படிப்பு படிப்பை முந்தலாம். பல வருடம் மேசைக் கம்ப்யூட்டரில் ஓடிய ப்ரோகிராம் ஆர்மில் ஏற்றியதும் தடுமாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். 2020-ல் ஆப்பிள் தன் மேக் கம்ப்யூட்டர்களை இன்டெலிலிருந்து ஆர்ம் வகை ப்ராசஸருக்கு மாற்றத் தொடங்கிய பிறகு, இது போன் எழுதுபவர்களின் தலைவலி மட்டும் என்று ஒதுக்க முடியாமல் போனது.

"எங்கள் சர்வர் எக்ஸ்86-தான், எங்களுக்குக் கவலை இல்லை" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே பார்த்த தொங்கும் லூப் எக்ஸ்86-லும் தொங்கும். ப்ராசஸர் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும், கம்பைலர் தூக்கிப்போட்ட கட்டளையை அது திரும்பக் கொண்டுவராது.

## வோலடைல் எங்கே நிற்கிறது

சி, சி++ மொழிகளில் வோலடைல் வந்தது வேறு காரியத்துக்கு. ஒரு சென்சாரோ சீரியல் போர்ட்டோ மெமரி முகவரியில் தெரியும்போது, ஒவ்வொரு முறையும் நிஜமாகவே போய்ப் படி, ஊகிக்காதே என்று சொல்வதற்காக. ஓசூரில் வண்டிகளுக்கான எலக்ட்ரானிக் பெட்டிகளில் வேலை பார்ப்பவர்கள் இதைத் தினம் பயன்படுத்துவார்கள். ஒரே கோர் உள்ள மைக்ரோகன்ட்ரோலரில், இன்டரப்ட் (நடப்பு வேலையில் வரும் குறுக்கீடு) வந்தால் ஒரு கொடியை மாற்றுவது போன்ற வேலைக்கு அது பெரும்பாலும் போதுமாகவும் இருக்கும். அந்தப் பழக்கத்தைப் பல கோர் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவரும்போது இடறுகிறது.

தயாரை மட்டும் வோலடைல் ஆக்கினால் லூப் தொங்குவது நிற்கும். ஆனால் எடை சாதாரண மாறிதானே? வோலடைல் மாறிகளுக்குள்தான் கம்பைலர் வரிசை காக்கும். சாதாரண மாறியின் எழுத்து வோலடைல் எழுத்தைத் தாண்டிப் போகலாம். சரி, எடையையும் வோலடைல் ஆக்குவோம் என்றால், கம்பைலர் அடங்கும், ஆர்ம் ப்ராசஸர் அடங்காது. தொங்கிய ப்ரோகிராம் இப்போது எப்போதோ ஒருமுறை தப்பான எடை அச்சிடும் ப்ரோகிராமாக மாறியிருக்கும். என்னைக் கேட்டால் தொங்குவதே மேல், அதையாவது கண்டுபிடித்துவிடலாம்.

ஜாவாவின் வோலடைல் வேறு ஆள். பெயர் ஒன்று, வேலை வேறு. ஜாவா 5 வெளிவந்த 2004-லிருந்து அது திரெட்டுகளுக்கு இடையே வரிசையையும் காக்கிறது. ஒரு மொழியில் கேட்ட ஆலோசனையை இன்னொரு மொழிக்கு எடுத்துப் போவதால்தான் பாதி குழப்பம்.

## மொழியே பொறுப்பேற்ற கதை

ஆச்சரியமான விஷயம், 2011 வரை சி, சி++ மொழிகளின் தரவிதிகளில் திரெட் என்ற பேச்சே இல்லை. திரெட்டை ஒரு லைப்ரரி பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தார்கள். லைப்ரரி மட்டும் போதாது, கம்பைலருக்கும் விதி வேண்டும் என்று கணினி ஆய்வாளர் ஹான்ஸ் போம் 2005-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார். 2011-ன் சி++11, சி11 தரவிதிகளில் மெமரி மாடல் வந்தது. எந்தச் சூழலில் ஒரு திரெட்டின் எழுத்து இன்னொன்றுக்குத் தெரிந்தே தீர வேண்டும் என்று சொல்லும் விதிமுறைத் தொகுப்பு அது. கம்பைலர், ப்ராசஸர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம்.

அதில் நம் பங்கு ஒன்று உண்டு. இரண்டு திரெட்டுகள் ஒரே மாறியைத் தொட்டு, அதில் ஒன்றாவது எழுதி, அவற்றுக்குள் முன்பின் ஏற்பாடு எதுவும் இல்லை என்றால் அது டேட்டா ரேஸ். அட்டாமிக் அல்லாத மாறியில் டேட்டா ரேஸ் இருந்தால் சி++ எந்த உத்தரவாதமும் தராது. பழைய எடை வரும் அல்லது புதிய எடை வரும் என்றுகூட இல்லை, எதுவும் ஆகலாம்.

## ரிலீஸும் அக்வயரும்

இப்போது சரியான வழி. தயாரை அட்டாமிக் மாறியாக அறிவிக்க வேண்டும். அட்டாமிக் என்றால் பல திரெட்டுகள் ஒரே நேரத்தில் தொடலாம், மதிப்பு அரைகுறையாகத் தெரியாது, வரிசை பற்றியும் நாம் சொல்லலாம். எடை சாதாரண மாறியாகவே இருக்கட்டும்.

எழுதும் பக்கம் ரிலீஸ் என்று சொல்லித் தயாரில் 1 எழுதுகிறோம். எடைக்காரருக்குப் போட்ட கட்டளை அது: பல்பைப் போடும் முன் எழுத வேண்டியதெல்லாம் பலகையில் இருந்தாக வேண்டும். படிக்கும் பக்கம் அக்வயர் என்று சொல்லித் தயாரைப் படிக்கிறோம். இது டிரைவருக்கு: பல்பு எரிவதைப் பார்த்த பிறகே பலகையைப் பார். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிரைவர் அவசரப்பட்டுப் பலகையில் இருப்பதை முதலில் குறித்துக்கொண்டு அப்புறம் பல்பைப் பார்த்தால், எடைக்காரர் எவ்வளவு ஒழுங்காக இருந்து என்ன பயன்? ஒரு பக்கம் மட்டும் போட்ட ரிலீஸ் அரைக்கதவு.

இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டால், அக்வயர் படிப்பு அந்த 1-ஐப் பார்த்த கணத்திலிருந்து, ரிலீஸுக்கு முன் எழுதப்பட்ட அனைத்தும் இந்தத் திரெட்டுக்குத் தெரியும். 8,420 தான் அச்சாகும்.

இதனால் வேகம் போய்விடுமோ என்ற பயம் கொஞ்சம் மிகை. எக்ஸ்86-ல் ரிலீஸ் எழுத்துக்கும் அக்வயர் படிப்புக்கும் கூடுதல் கட்டளையே தேவையில்லை, வழக்கமான கட்டளைதான். கம்பைலரின் கை மட்டும் கட்டப்படுகிறது. 64-பிட் ஆர்மில் இதற்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு.

சி++-ல் அட்டாமிக் மாறிக்கு எந்த வரிசையும் குறிப்பிடாமல் விட்டால், இருப்பதிலேயே கண்டிப்பான வரிசை கிடைக்கும். எல்லாத் திரெட்டுகளின் இத்தகைய செயல்களும் அனைவருக்கும் ஒரே வரிசையில் நடந்ததாகத் தெரியும் என்பது அதன் பொருள். இந்தக் கருத்தைக் கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1979-லேயே வரையறுத்தார். புதியவர்கள் அங்கேயே இருப்பது நல்லது. ரிலாக்ஸ்டு என்ற தளர்வான வகையும் உண்டு, வெறும் எண்ணிக்கைக்கு ஆகும். கிரேட் எண்ணும் மாறிக்கு அது சரி, தயாருக்குக் கூடாது.

## அடுத்த வண்டி வந்துவிட்டால்

வரிசை சரியானதும் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. இரண்டாவது திரெட் 8,420-ஐ அச்சிடும் முன்பே அடுத்த வண்டி ஏறி, முதல் திரெட் எடையை மாற்றி எழுதினால்? ரிலீஸும் அக்வயரும் இதைத் தடுக்காது. அதற்கு மியூட்டெக்ஸ் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு அது. முந்தைய எடை அச்சாகிவிட்டதா என்று பூட்டுக்குள் பார்த்த பிறகே அடுத்ததை எழுத வேண்டும். அல்லது எடைகளை வரிசையாகப் போட்டு எடுக்கும் க்யூ வேண்டும்.

மியூட்டெக்ஸில் இன்னொரு வசதி. பூட்டுவது தானாகவே அக்வயர், திறப்பது தானாகவே ரிலீஸ். பகிர்ந்துகொள்ளும் மாறிகளைத் தொடும் எல்லா இடத்திலும் அதே பூட்டைப் போட்டால், இந்தக் கட்டுரையில் பார்த்த வரிசை வம்பு எதுவும் வராது, வோலடைலும் வேண்டாம். அன்றாட வேலையில் பெரும்பகுதிக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். அட்டாமிக்கில் கைவைப்பது, பூட்டுதான் வேகத்தைத் தடுக்கிறது என்று அளந்து பார்த்துத் தெரிந்த பிறகு.

## சோதித்துப் பார்ப்பது

பத்தாயிரம் முறை ஓட்டிப் பார்த்தேன், தப்பே வரவில்லை என்பது இங்கே சாட்சியாகாது. அடுத்த கம்பைலர் பதிப்பு வேறு மாதிரி இடம் மாற்றலாம். ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும் திரெட் சானிட்டைசர் என்ற கருவி உண்டு. கம்பைல் செய்யும்போது ஒரு ஆப்ஷன் கொடுத்தால், ஓடும்போதே எந்த மாறியில், எந்த இரண்டு வரிகளுக்கு இடையே டேட்டா ரேஸ் என்று வரி எண்ணோடு காட்டும். ப்ரோகிராம் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், மெமரியும் 5 முதல் 10 மடங்கு கேட்கும். அதனால் சோதனைக்கு மட்டும் போட்டு ஓட்ட வேண்டும், கஸ்டமருக்குக் கொடுக்கும் பில்டில் எடுத்துவிட வேண்டும். ஓடாத பாதையில் இருக்கும் ரேஸ் அதன் கண்ணில் படாது. எனவே எடை வாங்கும் திரெட்டும் அச்சிடும் திரெட்டும் நிஜமாகவே ஒரே நேரத்தில் ஓடும்படி சோதனையை அமையுங்கள். மேலே உள்ள ப்ரோகிராமைச் சாதாரண மாறிகளோடு எழுதி, முதலில் ஓ2-வில் ஓட்டிப் பாருங்கள். பிறகு சானிட்டைசரோடு, அப்புறம் தயாரை அட்டாமிக் ஆக்கி ஒருமுறை.